நீரின் கணக்கறிந்த குவோ ஷோஜிங்

சீனத்தின் பெருங்கால்வாய் என்றதும், லட்சக்கணக்கானோரைக் கட்டாய உழைப்பில் வாட்டி அதை உருவாக்கிய சூயி வமிசப் பேரரசர் யாங்கின் பெயரே முன்னால் வந்து நிற்கிறது. ஆனால், அந்த வரலாற்றை வாசிக்கும்தோறும் என் மனம் நாடுவது ஒரு பொறியாளரை. அவர் குவோ ஷோஜிங்.

இன்றைய ஹெபெய் மாகாணத்தின் சிங்தாயில் 1231-இல் பிறந்தவர் அவர். கணிதத்திலும் நீரியலிலும் தேர்ந்த பாட்டனாரிடம் வளர்ந்தார். 1262-இல் குப்ளாய் கானைச் சந்தித்து ஆறு நீர்த்திட்டங்களை எடுத்துரைத்தார். போரில் பாழான மேற்கு சியா பகுதியின் பாசனக் கால்வாய்களைச் சீரமைத்தார். பிறகு வானியல் பணி அவரை அழைத்தது. அவர் பங்கேற்று உருவாக்கிய நாட்காட்டி, ஓர் ஆண்டுக்கு 365.2425 நாள்கள் என்று கணித்தது. ஐரோப்பாவில் 1582-இல் வந்த கிரெகோரியன் நாட்காட்டியின் அளவும் அதுவே.

அவருடைய பெருஞ்சாதனை அறுபது வயதுக்குப் பின்னரே நிகழ்ந்தது. தெற்கிலிருந்து படகில் வந்த தானியம் துங்சோவில் இறக்கப்பட்டு, தலைநகருக்குத் தரைவழியே சென்றது. மழைக்காலச் சேற்றில் பொதி விலங்குகள் எண்ணற்று மடிந்தன. தலைநகரோ துங்சோவைவிட உயரத்தில் இருந்தது. அருகிலிருந்த ஆற்றைத் திருப்ப முன்னோர் செய்த முயற்சியை வண்டல் கெடுத்திருந்தது. குவோ வடக்கே பைஃபூ ஊற்றின் தெளிந்த நீரைத் தேர்ந்தார். நேர்வழியில் தாழ்நிலம் குறுக்கிட்டதால், நீரை முதலில் மேற்கே திருப்பி, மலையடிவாரம் வழியாக வளைத்து நகருக்குள் கொணர்ந்தார். 24 மதகுகளை மாறி மாறித் திறந்து மூடிப் படகுகளை மேலேற்றும் முறையை வகுத்தார். 1292-இல் தொடங்கிய பணி மறு ஆண்டே முடிந்தது. துங்ஹுயி என்று அதற்குப் பெயர் சூட்டினார் குப்ளாய்.

ஆனால், என்னை அதிகம் சிந்திக்க வைப்பது அவருடைய வெற்றியன்று. அவர் சொல் கேட்கப்படாமற்போன ஒரு நிகழ்வே. 1298-இல் கோடைத் தலைநகர் ஷாங்தூ அருகே ஒரு வடிகால்வாய் வெட்டத் திட்டமிட்டனர். மலைவெள்ளம் ஆண்டுதோறும் சீறி வரும், ஐம்பது முதல் எழுபது தப்படி அகலம் வேண்டும் என்றார் குவோ. செலவுக்கு அஞ்சிய அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தனர். மறு ஆண்டே பெருமழை பெய்தது. கரை தாங்கவில்லை. மக்களும் கால்நடைகளும் கூடாரங்களும் வெள்ளத்தில் மூழ்கினர். குவோவின் சொல்லைக் கேளாததற்கு அரசர் வருந்தினார். 1303-இல் எழுபது வயதைக் கடந்த அதிகாரிகள் ஓய்வுபெற ஆணை பிறந்தபோது, குவோவுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. 1316-இல் அவர் மறைந்தார்.

ஒருவரை ஓய்வுபெற விடாத அளவுக்குப் போற்றுவது எளிது. அவர் கேட்ட அகலத்தைக் குறைக்காமல் தருவதே கடினம். பொறியாளர் கேட்கும் அளவு அவருடைய விருப்பமன்று, வெள்ளத்தின் கணக்கு. கருவூலத்தில் மிச்சமானதாக அன்று எழுதப்பட்ட தொகை, மறு ஆண்டு உயிர்களால் ஈடுசெய்யப்பட்டது. எழுநூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் கணக்கு மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.