நகர் நலம் நாடிய நல்லறிஞர் பேட்ரிக் கெடிஸ்

நகர்மன்றக் கூட்டம் ஒன்றின் பொருள் நிரலை நாம் ஒருமுறை வாங்கிப் படித்தோம். கட்டட அனுமதி வேண்டிய விண்ணப்பங்கள், மாடி எழுப்ப இசைவு, தெரு முனையை வெட்டிச் சாலையோடு சேர்த்தல், வடிகால்மேல் கிடத்திய பலகைக் கற்களை அகற்றுதல் எனப் பக்கங்கள் நீண்டன. இலக்கியம் பயில்வோர் கண்ணுக்கு இவை வறண்ட செய்திகளே. ஆயினும் அலுவலக மேசையில் அளவுகோல் வைத்து இழுக்கப்படும் கோடு, மண்ணில் இறங்கும்போது யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தின் நடுவே செல்கிறது. அக்கோட்டுக்கு ஒப்புதல் அளிக்கும் நகர்மன்ற உறுப்பினர், கை உயர்த்துவதற்கு முன் அத்தெருவில் கால் பதித்தாரா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. இக்கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே நம் தஞ்சை மாநகரில் எழுப்பியவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பேட்ரிக் கெடிஸ் என்னும் அப்பெருமகனாரின் வாழ்வை நம் மாணவர்கள் அறிதல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகரையொட்டிய குன்றுப்புறத்தில் குடியேறியது. தந்தையாரோடு தோட்டத்தில் உழைத்ததும், குன்றேறி நின்று கீழே விரியும் ஊரை நோக்கியதும் அவருக்குக் கிடைத்த முதற் கல்வி. பின்னர் இலண்டன் சென்று உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். ஆயின் பட்டம் எதுவும் பெற்றாரில்லை. பட்டமில்லாத ஒருவர் இரு கண்டங்களில் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தார் என்பது, தேர்வுத் தாள்களோடு மல்லாடும் நமக்கெல்லாம் வியப்பளிக்கும் செய்தியே.

1879இல் ஆய்வுப் பணிக்காக மெக்சிகோ சென்றவருக்குக் கண்ணொளி மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. அவ்வேளையில் சன்னற் கண்ணாடிகளின் சட்டங்களை விரலால் தடவி, அக்கட்டங்களில் ஒவ்வொரு கருத்தாகப் பொருத்திச் சிந்திக்கப் பழகினார். பிற்காலத்தில் தாளை மடித்துக் கட்டங்களாக்கி இடம், தொழில், மக்கள் என எழுதி ஆராயும் அவரது முறை இவ்வாறு பிறந்ததே. பார்வை மீண்டது. எனினும் நுண்ணோக்கியின் முன் நெடுநேரம் அமர்ந்து ஆராயும் வாழ்க்கை அதன்பின் அவருக்கு இயலாததாயிற்று. நுண்ணுயிரை நோக்கிய கண் நகரத்தை நோக்கத் திரும்பியது. உயிரினம் ஒன்று தன் சூழலோடு எவ்வாறு பிணைந்து வாழ்கிறதோ, அவ்வாறே நகரமும் வாழ்கிறது என்பது அவர் கண்ட தெளிவு.

1886இல் ஆனா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். மணம் முடிந்த சில காலத்திற்குள் இருவரும் எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில், ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெருக்கடியான அடுக்கு வீடுகளுக்கு நடுவே குடியேறினர். ஒரு காலத்தில் செல்வரும் அறிஞரும் வாழ்ந்த அவ்விடம் அப்போது அழுக்கும் நோயும் மண்டிக் கிடந்தது. கெடிசின் கையில் எந்த அதிகாரமும் இல்லை. அவர் நகர்மன்ற உறுப்பினரும் அல்லர். துடைப்பத்தையும் சுண்ணாம்பு மட்டையையும் எடுத்தார். மனைவியாரும் உடன் நின்றார். அண்டை வீட்டார் முதலில் வேடிக்கை பார்த்தனர், பின்னர்க் கை கொடுத்தனர். இடிந்து விழும் நிலையில் இருந்தவற்றை மட்டும் நீக்கி, மற்றவற்றைச் செப்பனிட்டு, நீக்கிய இடத்தில் சிறு தோட்டங்கள் அமைத்தனர். 1887இல் மாணவர்கள் தாமே நிர்வகிக்கும் விடுதி ஒன்றையும் அப்பகுதியில் தோற்றுவித்தார். 1892இல் பழைய கோபுரக் கட்டடம் ஒன்றைப் பெற்று நோக்குக் கோபுரம் என்னும் காட்சியகம் ஆக்கினார். உச்சியில் இருட்டறைப் படக்கருவி வழியே சுற்றியுள்ள நகரம் மேசைமேல் அசைந்து தெரியும். கீழிறங்க இறங்க எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் எனத் தளங்கள் விரியும். தம் தெருவை முதலில் பார்த்தவனே உலகைப் பார்க்கத் தகுதியுடையவன் என்னும் வரிசைமுறையை அக்கோபுரத்தின் அமைப்பிலேயே நாம் காண்கிறோம்.

அந்நாளைய நகராட்சிகளின் போக்கு வேறாக இருந்தது. சேரிகளை ஒட்டுமொத்தமாக இடித்து, அகன்ற நேர்ச்சாலை போடுவதே சீர்திருத்தம் எனக் கருதப்பட்டது. இடிபட்ட வீட்டார் எங்கே போவர் என்பதற்குத் திட்டத்தில் இடமில்லை. அவர்கள் அடுத்த தெருவில் நெருக்கியடித்துக் குடியேற, அத்தெருவும் சேரியாகும். நோய் தீரவில்லை, இடம் மாறியது. இதனைக் கெடிஸ் இடைவிடாது எடுத்துரைத்தார். 1909ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் நகர்த்திட்டம் வகுக்கும் உரிமையை உள்ளாட்சி மன்றங்களுக்கு வழங்கிய காலத்தில், அம்மன்றங்களும் குடிமக்களும் கண்டு கற்பதற்கென நகரங்களைப் பற்றிய பெருங்கண்காட்சி ஒன்றை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்.

அக்கண்காட்சியை அந்நாள் சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு நம் நாட்டுக்கு அழைத்தார். 1914இல் உலகப்போர் மூண்டுவிட்டது. படங்களையும் வரைபடங்களையும் ஏற்றி வந்த கிளான் கிராண்ட் என்னும் கப்பலை அக்டோபர்த் திங்களில் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அக்கப்பல் வேறெதுவும் அன்று, அதற்கு முந்திய மாதம் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகள்மேல் குண்டு வீசி, தன் பெயரை நம் பேச்சுத் தமிழுக்கே ஒரு சொல்லாகத் தந்துவிட்டுப் போன எம்டன்தான். வேறு கப்பலில் மகன் அலஸ்டேருடன் வந்திறங்கிய கெடிஸ் பல்லாண்டுத் தேட்டம் கடலுக்கடியில் போனதறிந்து கலங்கினாலும் ஒடுங்கவில்லை. நண்பர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்பினர். 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடைபெற்றது.

இதற்கிடையே அவர் சென்னை மாகாணத்து ஊர்களைக் காணப் புறப்பட்டிருந்தார். முதலில் ஊரை நடந்து பார்ப்பார். ஒருமுறை அன்று, காலையிலும் மாலையிலும் சந்து சந்தாக நடப்பார். கிணறு எங்கே, நிழல் எங்கே, பெண்டிர் தண்ணீர் எடுக்கும் வழி எது, குழந்தைகள் விளையாடும் வெற்றிடம் எது, பாழடைந்து கிடக்கும் மனை எது எனக் குறித்துக்கொள்வார். மருத்துவர் நாடி பாராமல் கத்தி எடுக்கலாகாது அன்றோ? நகருக்கும் முதலில் நோய் நாடல், பின்னரே மருத்துவம் என்றார். அறுவை தேவையாயின் உடலைக் காக்கும் அறுவையாக அஃது இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

தஞ்சையில் நெருக்கமான குடியிருப்புப் பகுதி ஒன்றைக் கட்டங்கட்டமாகப் பிளந்து நேர்ச்சந்துகள் போடும் திட்டம் முன்னரே வரையப்பட்டிருந்தது. வரைபடத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகைபோல் அழகாகத்தான் இருக்கும். அதே பகுதியைக் கெடிஸ் நடந்து அளந்தார். இருக்கும் சந்துகளையே வைத்துக்கொண்டு, பாழ்மனைகளைத் திறந்து, மிகச் சில வீடுகளை மட்டும் நீக்கி, ஆங்காங்கே சிறு வெளிகள் அமைத்து மரம் நட்டால் காற்றும் ஒளியும் வரும் என்று காட்டினார். அதற்காகும் செலவு பொறியாளர் திட்டச் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. பணம் மிச்சமாவது ஒருபுறம் இருக்க, எத்தனை குடும்பங்களின் கூரை மிச்சமாயிற்று என எண்ணிப் பார்க்க வேண்டும். வளைந்த சந்து ஒழுங்கின்மையன்று, வெயிலையும் புழுதியையும் தடுத்து வாழ்ந்தவர்களின் பட்டறிவு அதில் உண்டு என அவர் கண்டார்.

குளங்களைப் பற்றியும் அவர் கருத்து அவ்வாறே. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் வேகம் அந்நாளில் நகராட்சிகளிடம் மிகுந்திருந்தது. மீனையும் வாத்தையும் விட்டால் கொசுப் புழுக்களை அவை தின்றுவிடும், குளமோ ஊரைக் குளிர்விக்கும், பெருமழை நீரைத் தாங்கும் என்றார். குளம் இருந்த இடத்தில் பேருந்து நிலையம் கட்டிவிட்டு, மழைக்காலத்தில் முழங்கால் நீரில் பேருந்து ஏறும் ஊரினர் இதற்கு விளக்கம் வேண்டார்.

1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் மாகாணத்து நகராட்சிகள் ஓரளவு அதிகாரம் பெற்றிருந்தன எனினும், நகர்த்திட்டத்திற்கெனத் தனிச் சட்டம் இல்லை. கெடிசின் அறிக்கைகள் 1915இல் சென்னையில் அச்சாயின. அவரைத் தொடர்ந்து லான்செஸ்டர் என்னும் கட்டடக் கலைஞர் மாகாண அரசுக்கு ஆலோசகராயினார். 1920இல் சென்னை நகர்த்திட்டச் சட்டம் பிறந்தது. திட்ட வரைவை வெளியிட்டு, பாதிக்கப்படுவோரின் ஆட்சேபணையைக் கேட்ட பின்னரே மேற்செல்ல வேண்டும் என்னும் நெறி அதனால் நம் நகராட்சிகளுக்கு வந்தது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் அதனிடத்தைப் பெற்றது.

அவர் குறைகளையும் மறைத்தற்கில்லை. எழுத்து கடினமானது. பேச்சோ தாடிக்குள்ளேயே கரைந்துவிடும், அருகிருந்தோர்க்கே முழுதும் கேளாது என்பர். பொறியாளர்களை அவர்தம் அலுவலகத்திலேயே கடிந்துரைத்ததால் பகை தேடிக்கொண்டார். ஏறத்தாழ ஐம்பது ஊர்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலன அலமாரியில் உறங்கின. மக்களைக் கேட்டுச் செய்க என்றவர், ஆளுநரும் மன்னரும் அழைத்த இடங்களிலேயே பெரும்பாலும் பணியாற்றினார் என்பதும் எண்ணத்தக்கது. 1919இல் எருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்திற்கும், 1925இல் டெல் அவீவ் நகருக்கும் சியோனிச அமைப்பினரின் சார்பில் அவர் திட்டம் வரைந்தார். அம்மண்ணின் அரபு மக்களை நோக்க, தஞ்சையில் அவர் கேட்ட கேள்வியை அங்கும் கேட்டிருக்கலாகாதா என நாம் வருந்துகிறோம்.

ஆயினும் இந்தூரில் அவர் நிகழ்த்தியதை எவரும் மறவார். பிளேக் நோய் அந்நகரை வாட்டிய காலம். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் செல்லாது, வீடுகளும் தெருவும் மிகத் தூய்மையாக உள்ள பகுதி வழியே செல்லும் என அறிவிக்கச் செய்தார். நகரெங்கும் துடைப்பங்கள் முழங்கின. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. வீடுகள் வெள்ளை பூண்டன. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பிளேக் எலியும் பேருருவங்களாக வந்தன. அவற்றுக்கு நடுவே நகரின் துப்புரவுத் தொழிலாளர் வெள்ளாடை உடுத்து மாலை சூடி நடந்தனர். ஒதுக்கி வைக்கப்பட்டோர் ஊரார் முன் மதிப்புடன் நடந்த அந்நாளை நாம் அவர் வாழ்வின் உச்சம் என்போம். 1918இல் இந்தூருக்கு அவர் எழுதிய அறிக்கை இரு தொகுதிகளாக வெளிவந்தது.

அதற்கு முந்திய ஆண்டு அவர் வாழ்வின் இருண்ட ஆண்டு. சென்னைக் கண்காட்சியில் உடனிருந்து உதவிய மகன் அலஸ்டேர், பலூனில் ஏறிப் போர்க்களத்தை நோட்டமிடும் பிரிவில் பணியாற்றி 1917இல் பிரான்சில் மாண்டார். அப்போது ஆனா அம்மையார் இந்தியாவில் காய்ச்சலால் படுக்கையில் இருந்தார். கெடிஸ் செய்தியை மறைத்தார். மகன் முன்னர் எழுதிய கடிதங்களை ஒன்றும் நடவாததுபோல் படித்துக் காட்டினார். மகன் மறைந்ததை அறியாமலே அம்மையார் கண்மூடினார். இதனை எழுதும்போது நம் எழுதுகோல் தயங்குகிறது.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் ஈண்டுக் கூற வேண்டும். நாம் பிறந்த ஊரில் பள்ளிவாசல் தெருவை அகலப்படுத்த ஒரு காலத்தில் திட்டம் வந்தது. ஒருநாள் காலையில் சுவர்கள்தோறும் செஞ்சாயக் குறிகள் தோன்றின. அறிவிப்பு முன்னரே நகராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டிருந்ததாம், ஆட்சேபணைக்குரிய நாள்களும் முடிந்திருந்தனவாம். படித்தவர் பலர் இருந்தும், நாம் உட்பட, அப்பலகையை எவரும் பார்த்திலோம். தெருப் பெரியவர் ஒருவர் மட்டும் நகல் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வார்டு உறுப்பினரையும் நகரமைப்பு ஆய்வாளரையும் தெருமுனையிலிருந்து நடத்திக்கொண்டே போனார். எதிர்ப்புறம் ஆளில்லாத கிட்டங்கிச் சுவர் நெடுக நின்றது. கோட்டைச் சில அடி அப்பக்கம் தள்ளினால் ஏழு வீடுகள் தப்பும் என்பது நடந்த பின்னரே அனைவர் கண்ணுக்கும் தெரிந்தது. கோடு தள்ளப்பட்டது.

நம் பாட்டனார் கட்டிய திண்ணை மட்டும் தப்பவில்லை. அளந்து பார்த்தபோது அது இரண்டடி பொதுவழிக்குள் நீண்டிருந்தது. வீட்டில் பெண்கள் அழுதனர். வழியின் அகலம் குறித்துப் பிணக்கு வருமானால் ஏழு முழம் விடுக என்னும் நபிமொழியை அப்பெரியவர் வாப்பாவுக்கு நினைவூட்டினார். வாப்பா மறுபேச்சுப் பேசவில்லை. தாமே கூலியாள் வைத்துத் திண்ணையை இடித்து, அதன் கருங்கற்களைப் பள்ளிவாசலின் ஹவுளுக்குப் படிக்கட்டாகக் கொடுத்தார்.

கெடிஸ் 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக விளங்கினார். ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் வெளியிட்டார். தாகூருக்கு நண்பரானார். 1921இல் கொழும்பு நகருக்கும் திட்ட அறிக்கை அளித்தார். பின்னர் உடல்நலம் கருதிப் பிரான்சின் தென்பகுதியில் மாண்பெலியே நகரருகே குடியேறி, அங்கும் மாணவர்க்கென ஒரு கல்லூரி இல்லத்தை எழுப்பினார். முன்னர் ஒருமுறை மறுத்த சர் பட்டத்தை 1932இல் ஏற்றார். அவ்வாண்டே ஏப்ரல் 17ஆம் நாள் அங்கேயே மறைந்தார். தஞ்சை உள்ளிட்ட இந்திய ஊர்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் தேர்ந்த பகுதிகளை 1947இல் ஜாக்குலின் டிர்விட் என்னும் அம்மையார் இலண்டனில் நூலாகத் தொகுத்து வெளியிட்டார்.