நெடும்புதினம் கற்ற மாணாக்கர்: அ. மாதவையா

அருணை மலையின் தென்புறத்தே, செங்கம் சாலையில் அமைந்த இரமணாசிரமப் பகுதி பன்னாட்டு மாந்தரும் வந்து தங்குமிடமாகும். அவர்கள் ஊர் திரும்புங்கால் சுமை கருதி விட்டுச் செல்லும் நூல்கள் உள்ளூர் மக்கள் கைகளுக்கு வந்து சேர்வதுண்டு. அப்பகுதியில் வாழும் நம் துறை மாணவர் ஒருவருக்கு அவ்வாறு கிடைத்தது, சார்லஸ் டிக்கன்சின் டேவிட் காப்பர்ஃபீல்டு என்னும் புதினம். தலையணை போன்ற அந்நூலைக் கோடை விடுமுறை முழுதும் அகராதியின் துணையுடன் அவர் படித்து முடித்தார்.

விடுமுறை கழிந்ததும் அவர் நம்மிடம் வந்து தம் அனுபவத்தைக் கூறினார். முதல் நூறு பக்கங்கள் மலையேற்றமாக இருந்தனவாம். பின்னர், தாயை இழந்த சிறுவன் பண்டகசாலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் பகுதி வந்தபோது, தேநீர்க் கடையில் குவளை கழுவிய தம் பள்ளித் தோழனின் முகம் கண்முன் நின்றதாம். அதன்பின் நூல் கனக்கவில்லை என்றார். ஆனால் அவர் உள்ளத்தில் ஒரு குற்ற உணர்வும் இருந்தது. தமிழ் பயிலும் மாணவன் இத்துணை நாட்களை ஆங்கிலக் கதைக்குச் செலவிட்டது தாய்மொழிக்குச் செய்த துரோகமாகாதா என்று அவர் வினவினார். அவ்வினாவுக்கு விடையாக நாம் ஒரு வாழ்க்கையை அவருக்குக் கூறினோம். அதையே ஈண்டும் வரைகின்றோம்.

நெல்லைச் சீமையின் பெருங்குளம் என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பிறந்தவர் அ. மாதவையா. பாளையங்கோட்டையில் பள்ளிக் கல்வியை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் அக்கல்லூரி தாம்பரத்தில் இல்லை. கடற்கரையை ஒட்டிய நகர்ப்பகுதியிலேயே இயங்கிவந்தது. சேக்சுபியர் நாடகங்களை வாழ்க்கைப் பாடமாகக் கற்பித்த வில்லியம் மில்லர் அதன் முதல்வராக விளங்கினார். ஆங்கில இலக்கியத்தின்பால் மாதவையா கொண்ட காதல் அவ்வகுப்பறைகளிற் செழித்தது. 1892இல் அவர் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

அக்காலத்து இளைஞர் கைகளில் ஆங்கிலப் புதினங்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை அறிதல் நலம். டிக்கன்ஸ் போன்றோரின் பெருநூல்கள் இங்கிலாந்தில் முதலில் மாதந்தோறும் சிறு பகுதிகளாகவே வெளிவந்தன. டேவிட் காப்பர்ஃபீல்டு 1849 முதல் 1850 வரை அவ்வாறு வந்ததேயாகும். நாம் ஒரே மூச்சில் படித்துக் களைப்படையும் நூலை அந்நாட்டு மக்கள் ஒன்றரை ஆண்டு காத்திருந்து படித்தனர் என்பது எண்ணத்தக்கது. கப்பலேறி இந்தியா வந்த புதினங்களுள் ரெயினால்ட்ஸ் என்பாரின் மர்மக் கதைகள் பெருஞ்செல்வாக்குப் பெற்றன. நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியைத் தம் பெயரிற் கொண்ட குப்புசாமி முதலியார் அக்கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தார். படிக்கும் பழக்கத்தை எளிய மக்களிடையே பரப்பிய பெருமை அவருக்கு உண்டு.

மாதவையா தேர்ந்தது வேறு வழி. அவர் ஆங்கிலப் புதினத்திலிருந்து கதையை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் கண்ணை எடுத்துக்கொண்டார் எனலாம். அரசர்க்கும் தேவர்க்கும் உரியதாயிருந்த நெடுங்கதையில் சாதாரணக் குடும்பத்தின் அடுக்களையும் திண்ணையும் இடம்பெறலாம் என்பதும், ஒரு பெண்ணின் மனத்துயரம் பல நூறு பக்கங்களுக்கு உரிய பொருளே என்பதும் அக்கண்ணுக்குத் தெரிந்தவை. அக்கண்ணைக் கொண்டு அவர் தம் சமூகத்தையே பார்த்தார்.

அவர் தமக்கே பதினைந்து வயதளவில் மணம் முடிந்திருந்தது. சிறுமியர் மணத்தின் கொடுமையை ஏட்டிற் படித்தன்று, தம் வீட்டிலும் ஊரிலும் கண்டு அறிந்தவர் அவர். கல்லூரி வாழ்வு முடியும் தறுவாயிலேயே, 1892இல், விவேக சிந்தாமணி இதழில் சாவித்திரி சரித்திரம் என்னும் கதையைத் தொடங்கினார். அது இடையில் நின்றது. எனினும் அவர் அதைக் கைவிடவில்லை. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1903இல், அதுவே முத்துமீனாட்சி என்னும் நூலாக மலர்ந்தது. இளம் விதவையின் துயரையும் அவளுக்கு மறுமணம் வேண்டும் என்பதையும் பேசிய அந்நூல், அக்காலத்தில் எளிதாக எழுதத்தக்க ஒன்றன்று.

இடையே 1898இல் பத்மாவதி சரித்திரத்தின் முதற்பாகமும் அடுத்த ஆண்டு இரண்டாம் பாகமும் வெளிவந்தன. சிற்றூர் வாழ்க்கையும், சென்னையில் பயிலும் மாணவர் வாழ்க்கையும், பெண்கல்வியும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. மூன்றாம் பாகத்தை அவர் நிறைவு செய்ய இயலவில்லை. அவரைப் போன்றே 1872இல் பிறந்து, அதே கல்லூரியிற் பயின்று, அதே விவேக சிந்தாமணியில் கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி.ஆர். ராஜமையரையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 1898இல், இருபத்தாறு வயதிலேயே அவர் மறைந்தார்.

தமிழ்ப் புதின வரலாறு ஒரு சமூகத்தார்க்கு மட்டும் உரியதன்று. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. 1885இல் கண்டி நகர வழக்கறிஞரும் முஸ்லிம் நேசன் இதழாசிரியருமான சித்தி லெப்பை அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். ஒரு கிறித்தவர், ஓர் இசுலாமியர், அந்தண இளைஞர் இருவர் எனப் பலர் கூடி எழுப்பிய கட்டடமே அது. மேனாட்டு இலக்கிய வடிவம் ஒன்றைத் தத்தம் வாழ்வுக்கு ஏற்ப ஆக்கிக்கொண்டதே இவர்களிடம் காணும் பொதுப் பண்பாகும்.

மாதவையா முழுநேர எழுத்தாளராக வாழ்ந்தவர் அல்லர். அரசின் உப்பு, சுங்கத் துறையில் பணியேற்றுப் பல ஊர்களில் அலைந்தார். அப்பணிக்கிடையிலும் அவர் பேனா ஓயவில்லை. ஆங்கிலத்திலும் தில்லை கோவிந்தன், சத்தியானந்தன், கிளாரிந்தா முதலிய புதினங்களை எழுதினார். ஒரு தமிழ் இளைஞனின் தன்வரலாறாக அமைந்த தில்லை கோவிந்தன் 1916இல் இலண்டனிலும் பதிப்பிக்கப்பெற்றது. ஆங்கிலேயர் மெச்சும் ஆங்கிலம் கைவந்த அவர், விரும்பியிருந்தால் அதனோடு நின்றிருக்கலாம். அவ்வாறு நிற்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. பணியிலிருந்து முன்னரே ஓய்வு பெற்று, தம் பொருளைச் செலவிட்டு அச்சகம் அமைத்து, 1924இல் பஞ்சாமிர்தம் என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே அவர் வாழ்வு முடிந்தது. 1925 அக்டோபர் 22ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப்பேரவை கூடியது. இளங்கலைப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசி அமர்ந்த மாதவையா, அவ்வவையிலேயே மயங்கி உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆரணி குப்புசாமி முதலியார் மறைந்ததும் அதே 1925ஆம் ஆண்டிலேயாம்.

இதனைக் கேட்ட நம் மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. ஆங்கிலப் பெருநூல்களில் ஆழ்ந்த ஒருவரின் இறுதி மூச்சு தமிழுக்காகப் பேசிய பேச்சுடன் பிரிந்தது என்பதே அவர் வினாவுக்குரிய விடையாயிற்று. பிறமொழி நூலைப் படிப்பது துரோகமன்று. படித்த கண்ணோடு தன் வீட்டையும் தெருவையும் திரும்பிப் பாராதிருப்பதே குறையாகும். டிக்கன்சின் சிறுவனிடத்தில் தம் தோழனைக் கண்டபோதே அம்மாணவர் மாதவையா சென்ற வழியில் முதலடி வைத்துவிட்டார் என்பது நம் துணிபு.

மாணவர்காள்! சுருக்கக் குறிப்புகளும் வினாவிடைத் தொகுப்புகளும் தேர்வைக் கடக்க உதவலாம். வாழ்வைக் காண உதவா. ஆண்டுக்கு ஒரு நெடும்புதினமேனும் முழுமையாகப் படியுங்கள். படித்து முடித்த அன்றே, அந்நூல் நினைவூட்டிய ஒரு மனிதரைப் பற்றித் தமிழில் ஒரு பக்கமேனும் எழுதிப் பாருங்கள். அந்த இரமணாசிரமப் பகுதி மாணவர் தம் பள்ளித் தோழனைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கின்றார். அது பன்னிரண்டாம் பக்கத்தை எட்டியுள்ளது.