நண்டுக் கொடுக்கும் ஆல்ஃபிரட் வெர்னரும்

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா நண்பர்களே? பியூரெட்ல இ.டி.டி.ஏ. கரைசல், கோனிக்கல் பிளாஸ்க்ல தண்ணீர், கொஞ்சம் பஃபர், ரெண்டு சொட்டு எரியோகுரோம் பிளாக்-டி. ஒயின் சிவப்பு நீலமா மாறினதும் ரீடிங் எழுதிட்டு, பக்கத்து பெஞ்ச் ரீடிங்கோட ஒத்துப் பார்த்துட்டு கிளம்பியிருப்பீங்க. அந்த நிறம் ஏன் மாறுதுன்னு புரியறதுக்கு அடித்தளம் போட்டவர் ஆல்ஃபிரட் வெர்னர். அவர் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

1866 டிசம்பர் 12-இல் அல்சாஸ் பகுதியின் மூல்ஹவுஸ் நகரில் பிறந்தார். அப்பா ஆலையில் வேலை பார்த்தவர். வெர்னர் சின்னப் பையனாக இருக்கும்போதே போர் வந்தது. பிரான்சில் இருந்த ஊர் ஜெர்மனிக்குப் போய்விட்டது. பின்னாளில் சூரிச்சுக்குப் படிக்க வந்தவரைக் கணிதமும் வரைபட வடிவியலும் பாடாய்ப் படுத்தின. ஆமாம், நம்ம இன்ஜினியரிங் டிராயிங்குக்குத் தாய்ப் பாடம்தான் அது! இன்ஜினியரிங் டிராயிங்ல அரியர் வச்சிருக்கிறவங்க மனசைத் தேத்திக்கலாம். ஏன்னா, இவர் ஜெயித்ததே வடிவியலால்தான்.

அந்தக் காலத்து வேதியியலுக்கு ஒரு தலைவலி இருந்தது. கோபால்ட் குளோரைடும் அமோனியாவும் சேர்ந்து மஞ்சள், ஊதா, பச்சை என்று விதவிதமான உப்புகளைத் தரும். ஒன்றில் சில்வர் நைட்ரேட் விட்டால் மூன்று குளோரைடும் வீழ்படிவாகும். இன்னொன்றில் இரண்டுதான் வரும், வேறொன்றில் ஒன்றுதான். மீதி குளோரைடு எங்கே ஒளிந்திருக்கு? டென்மார்க்கின் யோர்கன்சன், அமோனியா மூலக்கூறுகள் சங்கிலி மாதிரி கோத்திருப்பதாக விளக்கினார். அவர் பெரிய ஆள். அவரை மறுக்க யாரும் துணியவில்லை.

1893-இல் 26 வயது வெர்னர் மறுத்தார். ராத்திரி 2 மணிக்கு விடை தோன்றி எழுந்தவர், மறுநாள் சாயங்காலம் வரை உட்கார்ந்து கட்டுரையை எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். அவர் சொன்னது இதுதான்: நடுவில் உலோகம், அதைச் சுற்றி எண்முகியின் ஆறு முனைகளில் ஆறு துணைகள். உலோகத்தோடு நேராக ஒட்டியவை வீழ்படிவாகாது, வெளியே நிற்பவைதான் ஆகும்.

ஐடியா அபாரம், ஆனால் கையில் போதிய சோதனை இல்லை. பிறகு ஏறத்தாழ இருபது வருஷம் அந்த நிரூபணத்துக்கே போனது. அவர் கொள்கைப்படி இருந்தாக வேண்டிய ஓர் ஊதா உப்பை 1907-இல் தயாரித்துக் காட்டியதும் யோர்கன்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். இன்னொரு சோதனையும் பாக்கி இருந்தது. எண்முகி உண்மை என்றால் சில சேர்மங்களுக்கு வலது கால் செருப்பு, இடது கால் செருப்பு மாதிரி இரண்டு வடிவம் இருக்கணும். எத்திலீன்டையமீன் சேர்ந்த ஒரு கோபால்ட் சேர்மத்தை, மாணவர் விக்டர் கிங்கோடு சேர்ந்து 1911-இல் அப்படிப் பிரித்தே விட்டார். 1913-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் உழைப்பும் குடியும் புகையும் உடம்பைத் தின்றிருந்தன. 1919 நவம்பர் 15-இல், 52 வயதில் இறந்தார்.

அடுத்த வருஷமே, உலோகத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறுகளுக்கு நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கீலேட்' என்று பெயர் வைத்தார்கள். 1935-இல் ஃபெர்டினாண்ட் மூன்ஸ் அதே எத்திலீன்டையமீனை முதுகெலும்பாக வைத்து இ.டி.டி.ஏ.வை உருவாக்கினார். அதில் ஆறு கொடுக்கு. வெர்னர் சொன்ன அதே ஆறு! வெர்னர் பாடம் நடத்திய சூரிச் பல்கலைக்கழகத்தில்தான் ஷ்வார்ட்சன்பாக், அதை வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம்ம லேப் சோதனை அங்கிருந்து வந்ததுதான்.

இப்போ தென்காசிக்கு வாங்க. சாரல் சீசனில் குற்றாலம் போறோம். அருவியில் சோப்பும் ஷாம்பும் போடக் கூடாதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கு. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? அருவித் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்குது. நாம கழுவிவிடுறது வழி முழுக்க யாரோ ஒருத்தர் வயலுக்கோ குடத்துக்கோதான் போகுது. உங்க ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. டைசோடியம் இ.டி.டி.ஏ. இருக்க வாய்ப்பு அதிகம். துணி வெளுக்கும் ஆலை, காகித ஆலை எல்லாவற்றிலும் அது உண்டு. தண்ணீரில் உள்ள இரும்பு, பெராக்சைடைக் கெடுத்துவிடாமல் கவ்விப் பிடிப்பது அதன் வேலை.

இ.டி.டி.ஏ. கொடிய விஷம் இல்லை. சிக்கல் வேற. நுண்ணுயிரிகளால் அதை எளிதில் உடைக்க முடியாது. சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தாண்டி ஆற்றுக்குப் போய், வண்டலில் அடங்கிக் கிடக்கும் கன உலோகங்களைக் கவ்வி மறுபடி தண்ணீருக்குள் இழுத்துவிடும்.

மாற்று இருக்கிறது. இ.டி.டி.எஸ். என்ற மூலக்கூறுக்கும் எத்திலீன்டையமீன்தான் முதுகெலும்பு, ஆறு கொடுக்கும் உண்டு. அதற்கு மூன்று வடிவங்கள். எஸ்,எஸ் வடிவத்தை நுண்ணுயிரிகள் சுலபமாகத் தின்றுவிடும். அதன் கண்ணாடிப் பிம்பமான ஆர்,ஆர் வடிவத்தை அப்படித் தின்ன முடியாது. அணுக்கள் அதே அணுக்கள்தான், அமர்ந்திருக்கும் விதம்தான் வேறு. உலோகச் சேர்மங்களில் வெர்னர் ஆயுளைச் செலவழித்துக் காட்டிய அதே விஷயம்!

ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை அப்படியே ஊற்ற முடியாது. இ.டி.டி.எஸ். இரும்பையும் செம்பையும் நன்றாகப் பிடிக்கும், கால்சியத்தை லேசாகத்தான். கடினநீரைச் சமாளிக்க எம்.ஜி.டி.ஏ., அஜினோமோட்டோவில் இருக்கும் குளூட்டமிக் அமிலத்திலிருந்து செய்யும் ஜி.எல்.டி.ஏ. போன்றவை பொருத்தம். விலையும் பார்க்கணும்.

ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? உங்க ஊர்த் துணி ஆலைத் தண்ணீரில் எந்த உலோகம் இருக்கு, அதுக்கு எந்தக் கொடுக்கு போதும்னு கண்டுபிடிங்க. ஒரு மூலக்கூறு வேலையை எப்படிச் செய்யுதுன்னு பார்க்கிறதோட, வேலை முடிஞ்சதும் எங்கே போகுதுன்னும் பாருங்க. சிற்றாறு நம்ம ஊர் வழியாத்தான் ஓடுது.