பேரறிஞர் சதீஷ் தவான்

ஆகாயவிமானத்தின் இறக்கை அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்தால், மேற்புறத்தை ஒட்டியோடும் காற்றுப் பிரிந்துவிடும். விமானம் தாங்குதல் இழக்கும். இதன் சூட்சுமம் இறக்கையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படையிலே உள்ளது. அப்படையை ஆராய்ந்த பெரியாரை நாம் ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

1920இல் ஸ்ரீநகரிற் பிறந்த சதீஷ் தவான், கலிபோர்னியாவிற் கற்கையில் அப்படையின் உராய்வை நேரே அளந்து காட்டினார். 1951இல் தாயகம் மீண்டு, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் காற்றுச் சுரங்கங்கள் அமைத்து இளைஞரைப் பயிற்றினார். பின்னர் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கும் தலைமை தாங்கினார். பழவேற்காட்டு ஏரிப் பறவைகளை உற்றுநோக்கி, பறத்தல் பற்றி நூலும் எழுதினார். 2002இல் மறைந்தார்.

நம் மண்டைதீவுக் கடலேரியில் இறங்கும் நாரையைப் பாருங்கள். இறக்கை நிமிருங்கால் அதன் முன்விளிம்பிலே சிறு இறகுக்கொத்து எழும். காற்று எளிதிற் பிரியாது காக்கும். விமான இறக்கையின் முன்விளிம்புப் பிளவும் அத்தொழிலையே செய்கின்றது. கண்ணெதிரே பறப்பதையும் கற்றவர் அவர், நாமும் கற்போமாக.