ஸ்கிரிப்ட்டுக்கு முன்னோடி ஒரு காகித நாடா... யார் இந்த வீட்ஸ்டோன்?

சர்வரில் ஒரு புரோகிராமை ஓடவிட்டால், தொடரலாமா எனக் கேட்டு நிற்கும். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து ஒய் தட்ட முடியுமா? பதில்களை முன்பே எழுதிவைத்து, ஷெல் ஸ்கிரிப்ட் மூலம் கொடுத்துவிடலாம். இந்த ஐடியாவுக்கு வயது 160-க்கும் மேல்!

யார் இவர்?

சார்லஸ் வீட்ஸ்டோன் 1802-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் அருகே பிறந்தவர். இசைக்கருவித் தொழிலில் இருந்தவர், 1834-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரானார். பிளஸ் 2 இயற்பியலில் படித்தோமே, வீட்ஸ்டோன் சமனச்சுற்று... அவரேதான். 1837-ல் வில்லியம் குக்குடன் சேர்ந்து மின்தந்திக்குக் காப்புரிமை பெற்றார்.

என்ன செய்தார்?

அன்று மோர்ஸ் தந்தியில் ஒவ்வொரு எழுத்தையும் ஆபரேட்டர் கையால்தான் தட்டணும். 1858-ல் வீட்ஸ்டோன் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தார். முதலில் செய்தியைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மெஷினே நாடாவைப் படித்து அனுப்பிவிடும். கையைவிடப் பல மடங்கு வேகம்.

சிக்கல் எங்கே?

நாடாவுக்குக் காது கிடையாது. எதிர்முனையில் என்ன நடந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். யெஸ் கமாண்டைப் பைப்பில் இணைப்பதும் அப்படித்தான். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்டாலும் ஆமாம்தான்! கேள்வி வரும்வரை காத்திருந்து, அதற்கேற்ற பதிலைத் தரும் எக்ஸ்பெக்ட் கருவி 1990-ல்தான் வந்தது.

வீட்ஸ்டோன் 1875-ல் பாரிஸில் காலமானார்.