வெறிநாய்க்கடியை வென்ற வேதியியல் அறிஞர்

(2-ஆம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

உலகில் பிறந்து மறைந்தோர் கோடானுகோடி. அவர்களுள் தாம் பிறந்த நாட்டின் எல்லையைக் கடந்து, முகமறியா மக்களின் உயிரையும் காத்து நிற்போர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். அவர் பெயரை நான் பாடநூலில் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் குடும்பம் அவருக்குக் கடன்பட்டிருந்தது. அந்தக் கதையை முதலில் கூறிவிடுகிறேன்.

எங்களுடையது மேல்மலையனூரை அடுத்த ஒரு சிற்றூர். அப்போது அது தென்னார்க்காடு மாவட்டம். 1986-ஆம் ஆண்டில் என் தந்தைக்கு வயது 10, பெரியப்பாவுக்கு 14. ஆடு மேய்க்கச் சென்ற இடத்தில் ஒரே நாய் இருவரையும் கடித்தது. தந்தைக்குத் தொடையில் சதை கிழிந்து இரத்தம் கொட்டியது. பதறிப்போய் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசிகள் போட்டார்கள். பெரியப்பாவுக்கோ கணுக்காலில் சிறு கீறல்தான். அதற்குச் சுண்ணாம்பு தடவி, மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரே வாரத்தில் புண் ஆறிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், ஆயா கொடுத்த தண்ணீரை விழுங்க முடியாமல் அவர் தொண்டை இறுகியது. மூன்றாம் நாள் மாண்டுபோனார்.

பெரிய புண் பட்டவன் பிழைத்தான்; சின்னக் கீறல் பட்டவன் ஏன் செத்தான் என்று ஆயா இன்றும் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடை பாஸ்டரின் வாழ்க்கையில் இருக்கிறது.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. குடும்பம் பின்னர் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. 1831-இல் அப்பகுதியில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. அக்காலத்தில் அதற்கு இருந்த ஒரே வைத்தியம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவது. கொல்லன் பட்டறையில் நடந்த அந்தக் கொடுமை, எட்டு வயதுச் சிறுவனின் உள்ளத்தில் பதிந்துவிட்டது.

பள்ளியில் அவர் முதல் மாணவர் அல்லர். படம் வரைவதில்தான் விருப்பம் மிகுதி. பாரிசுக்குப் படிக்க அனுப்பியபோது வீட்டு நினைவு தாங்காமல் ஊர் திரும்பியவர். 1842-இல் அவர் எழுதிய அறிவியல் தேர்வில் வேதியியலில் கிடைத்த மதிப்பு 'சுமார்' என்பதுதான்! பருவத் தேர்வு முடிவைக் கண்டு மனம் சோர்ந்திருக்கும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்க. அதே மனிதர் 1848-இல் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம் போன்றது எனக் காட்டினார். நாம் இன்று வகுப்பில் படிக்கும் மாற்றியத்தின் ஒரு பெரும் பிரிவு அங்கேதான் தொடங்கியது.

படிகத்திலிருந்து நொதித்தலுக்கும், அதிலிருந்து பட்டுப்புழு நோய்க்கும், பின்னர் கோழிக் காலராவுக்கும் ஆந்திராக்சுக்கும் அவருடைய ஆராய்ச்சி சென்றது. இடையே மூன்று பெண் மக்களைப் பறிகொடுத்தார். 1868-இல் பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்தது. ஆயினும் ஆய்வுக்கூடத்தை விட்டு அவர் விலகவில்லை. வலுவிழந்த கிருமியை உடலில் செலுத்தினால் வலுவுள்ள கிருமியை எதிர்க்கும் ஆற்றல் பிறக்கும் என்பதைக் கோழிகளிலும் ஆடுகளிலும் மெய்ப்பித்தார்.

1880-இல் வெறிநாய்க்கடியைக் கையில் எடுத்தார். இந்நோயின் கிருமியோ அவருடைய நுண்ணோக்கிக்குப் புலப்படவே இல்லை. அது வைரஸ் என்பதை அறியும் வழி அன்று இல்லை. ஆனால் அது தங்குமிடம் மூளையும் தண்டுவடமும் என்பதை அவரும் அவருடைய உதவியாளர் எமில் ரூவும் உணர்ந்தனர். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை எடுத்து, அடியில் பொட்டாஷ் இட்ட குடுவையில் தொங்கவிட்டனர். ஈரத்தைப் பொட்டாஷ் உறிஞ்ச, நாளுக்கு நாள் நஞ்சு வலுவிழந்தது. இரு வாரங்களில் அறவே அடங்கியது.

அவர் கண்ட மற்றோர் உண்மை இதனினும் பெரிது. கடிபட்ட அன்றே நோய் வருவதில்லை. நஞ்சு நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைய வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியில் தடுப்பு மருந்து உடலை ஆயத்தப்படுத்திவிட்டால் உயிர் பிழைக்கும்.

1885 ஜூலை 6 அன்று, அல்சாசிலிருந்து ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தாள். இரண்டு நாள் முன்பு வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஊசி போடும் உரிமை அவருக்கு இல்லை. எனவே கிராஞ்சே என்னும் மருத்துவர் ஊசி போட்டார். சுமார் இரு வாரம் உலர்ந்த தண்டுவடத்தில் தொடங்கி, நாள்தோறும் வலு கூட்டி, பத்து நாட்களில் 13 ஊசிகள். அந்த நாட்களில் பாஸ்டர் உறக்கமின்றித் தவித்தார். அம்முறை நாய்களில் முழுமையாகச் சோதித்து முடிக்கப்படவில்லை என்பதை அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் பிற்காலத்தில் வெளிப்படுத்தின. அத்துணை பெரிய துணிவு அது! சிறுவன் பிழைத்தான்.

அடுத்துப் பிழைத்தவன் ழூப்பீல் என்னும் பதினைந்து வயது ஆட்டிடையன். ஆனால் லூயிஸ் பெல்லத்தியே என்னும் சிறுமியைக் கடிபட்டு 37 நாட்கள் கழித்தே கொண்டுவந்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று அறிந்திருந்தும் பெற்றோரின் கண்ணீருக்கு முன் அவரால் மறுக்க முடியவில்லை. சிறுமி இறந்தாள். என் பெரியப்பாவின் கதையும் இதுதான். நாள்கள் இருந்தன, அவற்றை வீணாக்கிவிட்டோம். ஆயாவின் கேள்விக்கு விடை, காயத்தின் அளவில் இல்லை. கடிக்கும் ஊசிக்கும் இடைப்பட்ட காலத்தில் இருக்கிறது.

1888-இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28 அன்று அவர் மறைந்தார். நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் நிறுவனங்கள் தோன்றின. கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து உருவாக்கிய மருந்தே பல்லாண்டுகள் நம் மக்களுக்குப் போடப்பட்டது. என் தந்தை பெற்ற 14 ஊசிகளும் அந்த மரபைச் சேர்ந்தவையே. 2005-க்குள் அம்மருந்து கைவிடப்பட்டது. இன்று செல் வளர்ப்பு முறையில் செய்த தூய மருந்து, கையில் சில ஊசிகளாக, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

கடந்த ஆண்டு ஓர் அமாவாசை இரவு. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்திற்கு வெளியூர் மக்கள் திரண்டிருந்தனர். எச்சில் இலைகளைச் சுற்றித் திரிந்த நாய் ஒன்று ஒரு குழந்தையின் விரலைக் கடித்துவிட்டது. ஒருவர் மிளகாய்த்தூள் என்றார். ஒருவர் சுண்ணாம்பு என்றார். என் தந்தை குழந்தையைத் தூக்கிக் குழாயடிக்கு ஓடினார். கடையில் சோப்பு வாங்கி வந்தேன். ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவினோம். கட்டுப் போடவில்லை. அப்படியே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று முதல் ஊசி போட்ட பிறகுதான் தந்தை உட்கார்ந்தார். அடுத்த ஊசிகளுக்குரிய நாள்களைத் தவறவிடாதே என்று அந்தத் தாயிடம் பலமுறை சொன்னார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். பாஸ்டரின் பெயரை அறியாதவர். ஆனால் பாஸ்டர் சொன்னதை அறிந்தவர்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டம் பெறுவது நமக்காக மட்டும் அன்று. கீறல்தானே என்று யாரேனும் சொல்லும்போது, இல்லை, இன்றே மருத்துவமனைக்குப் போங்கள் என்று உறுதியாகச் சொல்லும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருத்தல் வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி போடச் சொல்லும் ஒருவர் இருத்தல் வேண்டும். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஐ உலகம் வெறிநாய்க்கடி விழிப்புணர்வு நாளாகக் கொள்கிறது. அந்த ஒருவராக நாம் நிற்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.