ஆசிரியரின் வாழ்வை எழுதிய மாணவர்



பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை (1855-1942) நாம் அறிவோம். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அவர் செலுத்திய நன்றியை அவ்வளவாகப் பேசுவதில்லை.

வேங்கடராமனாக வந்தவரைச் சாமிநாதன் ஆக்கியவரே அந்த ஆசிரியர்தாம். ஏறத்தாழ 5 ஆண்டுகள் பாடம் சொன்னார். 1876 பிப்ரவரி 1-இல் திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரியும் வேளையில், சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் அவரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டார். சாமிநாதன் அருகிலிருந்து திருவாசகம் படித்தார். சைவப் புலவருக்கு இறுதி நேரத்தில் தோள் கொடுத்தவர் நம்மவர் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்!

ஆசிரியர் விட்டுச்சென்றது கடன்தான். அவரது வாழ்வும் மறக்கப்பட்டிருக்கும். ஆனால் 1933, 1934 ஆண்டுகளில் மாணவர் அதை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அப்போது மாணவருக்கே வயது 80-ஐ நெருங்கியிருந்தது.